திட்டு வாங்கியவருக்கே பொருள்

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கும் கால அட்டவணைப் பலகைக்கும் நடுவில், 'தொலைந்த பொருட்கள்' என்று எழுதிய ஓர் அறை இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அதை ஆண்டுகொண்டிருப்பவள் குடையக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கும். அறைக்கு வந்து சேர்வதில் பாதி குடை என்பதால் இந்தப் பெயர். மீதிப் பாதியில் சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, மூக்குக்கண்ணாடி, ஒரு முறை கைக்குட்டையில் சுற்றிய பல்செட்டு. பல்லைத் தொலைத்த மனிதர் எந்த வாயோடு வந்து கேட்பார் என்று அவள் மூன்று மாதம் யோசித்தாள். கடைசியில் அவர் மனைவி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

போன மாதம் அந்த அறைக்கு மாப்பிள்ளை வந்தார். மாப்பிள்ளை என்றால் ஒரு கணினி, ஒரு கேமரா, ஒரு மைக், அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவு என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தார்கள். ஆனால் நடந்த உபசாரத்தைப் பார்க்க வேண்டுமே. பத்தொன்பது வருடம் குடையக்கா எழுதிக் கேட்டும் வராத ஏசி, அவருக்குச் சூடு ஆகாது என்று ஒரே நாளில் வந்து மாட்டிக்கொண்டது. சன்னலோர மேசை அவருக்கு. மேலே தூசி படக்கூடாதாம். தினமும் துடைத்துவிடுவது யார் என்று கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் குடையக்காதான். இரண்டே நாளில் அவரைக் கொண்டுவந்து வைத்த பொறியாளரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மாப்பிள்ளையின் வேலை எளிது. ரேக்கில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் படம் பிடித்து வைத்திருப்பார். தொலைத்தவர் வந்து மைக்கில் அடையாளம் சொல்ல வேண்டும். சொன்னதும் படமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நூற்றுக்கு இத்தனை எனப் போடுவார். எண்பதைத் தாண்டினால் பச்சை விளக்கு, பொருளைக் கொடுக்கலாம். தாண்டாவிட்டால் சிவப்பு.

"அக்கா, இவர் ஆயிரம் பொருள ஒரு நொடியில தேடுவாரு," என்றார் பொறியாளர்.

"சரி தம்பி. ஆனா சொந்தக்காரங்களுக்குத் தன் பொருள் ஞாபகமே இருக்காதே, அதுக்கு என்ன பண்ணுவாரு?"

பொறியாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. ஏழு வருடம் பிடித்த குடையின் நிறத்தைக் கேட்டால் சொந்தக்காரர் கருப்பு என்பார், பிறகு நீலமோ என்பார், பிறகு மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். கம்பி எத்தனை, பிடியில் கீறல் எந்தப் பக்கம் என்று கடகடவென ஒப்பிப்பவர், நேற்று வெளியே நின்று கண்ணாடி வழியாக ரேக்கை நோட்டம் விட்டவர். அவள் அடையாளத்தைச் சும்மா ஒப்புக்குத்தான் கேட்பாள். முக்கியமான கேள்வி வேறு.

"இதத் தொலைச்சதுக்கு வீட்டுல யாரு திட்டினாங்க?"

தொலைத்தவர் முகம் அந்த நொடியில் மாறும். பதில் சொல்லிவிட்டு நிற்கவே மாட்டார். அங்கே இல்லாத மனைவியோடோ அண்ணனோடோ அதே கவுண்டரில் வழக்காட ஆரம்பித்துவிடுவார். நான் என்ன வேண்டுமென்றா விட்டேன், பஸ்ஸில் கூட்டம், பையும் கையும் நிறைந்திருந்தது, நீ மட்டும் போன வருடம் சாவியைத் தொலைக்கவில்லையா என்று போய்க்கொண்டே இருக்கும். குடையக்கா நடுவிலேயே பொருளை எடுத்து நீட்டிவிடுவாள்.

பொறியாளர் இதைக் கவனித்து அந்தக் கேள்வியை மாப்பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் மாப்பிள்ளைக்குப் பதில்தான் கேட்டது. முகமும் குரலும் போகிற போக்கு பிடிபடவில்லை. மூன்றே நாளில் நிலையத்தைச் சுற்றி வரும் கில்லாடிகளுக்கெல்லாம் விஷயம் தெரிந்துபோயிற்று. ஒருவன் பின் ஒருவனாக வந்து அடையாளத்தை ஒப்பித்து, "பொண்டாட்டி திட்டினா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றார்கள். மாப்பிள்ளை பச்சை விளக்கு போட்டார். பாவம், அவர் பிறந்ததிலிருந்து யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

இருந்தும் மேலிடத்துக்கு மாப்பிள்ளையைத்தான் பிடித்திருந்தது. மாதக் கடைசியில் ஒரு சோதனை, அதில் அவர் ஜெயித்தால் குடையக்காவுக்கு டயர் கிடங்குக்கு மாற்றல் என்று கடிதம் வந்தது. கிடங்கு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். தூரத்தைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அங்கே நாள் முழுக்கப் பார்க்க டயர்தான் உண்டு. டயர் பொய் சொல்லாது, மழுப்பாது, பொருள் கிடைத்ததும் கண் கலங்காது. மனிதர்கள் வந்து சமாளிக்கிற அழகைப் பார்க்காமல் தனக்கு ஒரு நாள் போகாது என்று அவளுக்குத் தெரியும். கடிதத்தைப் படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சோதனை அன்று காலை பொது மேலாளரே வந்தார். நல்ல உயரம், நிதானமான பேச்சு. கூடவே, மதிப்பெண் குறிக்க அவருடைய காரியதரிசி, தலைமுடியிலிருந்து மழைநீர் சொட்டச் சொட்ட. பத்துப் பொருள், பத்து ஊழியர்கள். சிலர் உண்மையிலேயே பொருளின் சொந்தக்காரர்கள், சிலர் பாடம் படித்துவிட்டு வந்த பொய்க்காரர்கள். யார் எது என்பது ஆளுக்கு ஒன்றாக ஒட்டிய உறைக்குள் இருந்தது. ஒவ்வொருவரையும் முதலில் மாப்பிள்ளை விசாரிப்பார், பிறகு குடையக்கா. ஒவ்வொரு ஆளும் முடிந்ததும் உறையைப் பார்த்துக் காரியதரிசி சரி தவறு போடுவாள்.

நான்காவது ஆள் வரை இருவரும் சமம். ஐந்தாவதாக வந்த பெண் அடையாளத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்து மாப்பிள்ளையை ஏமாற்றிவிட்டாள். குடையக்காவிடம் அது பலிக்கவில்லை. ஆறாவது ஆளிடம் குடையக்கா சறுக்கினாள். வயதான டிரைவர், பொருள் ஒரு ஃபிளாஸ்க். யார் திட்டினார்கள் என்று அவள் கேட்டபோது அவர் பேசாமல் நின்றார். இல்லை என்று அவள் தலையாட்டிவிட்டாள். உறையில் உண்மை என்றிருந்தது.

"என்னைத் திட்ட யாரும்மா இருக்கா," என்றார் அவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. மதிப்பெண் போனதற்காக இல்லை. ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்து, "இனிமே தொலைச்சா நான் திட்டறேன் அண்ணே," என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். மாப்பிள்ளை அவருக்கு எண்பத்தொன்பது போட்டிருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்பது பேர் முடிந்தபோது எட்டுக்கு எட்டு. பத்தாவது ஆளைக் காணோம். பொது மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, தானே மைக் முன்னால் போய் நின்றார். மேசையில் ஒரு குடை இருந்தது.

"எட்டுக் கம்பி, மரப் பிடி, பிடியில இடது பக்கம் சின்ன வெடிப்பு, ஒரு கம்பியோட முனை பச்சை நூல்ல தச்சிருக்கு. தொலைச்சதுக்கு என் மனைவி நல்லா திட்டினாங்க."

தொண்ணூற்றொன்பது. பச்சை விளக்கு.

அவர் குடையக்கா பக்கம் திரும்பினார். அவள் அதே கேள்வியைக் கேட்டாள். அவரும் அதே பதிலை, அதே புன்னகையோடு சொல்லிவிட்டு நிறுத்தினார். இன்னும் ஏதாவது வருமா என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

எதிரில் நிற்பது மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போடுகிற கை. சரி என்று சொல்லிவிட்டால் சமமாக முடியும், ஒருவேளை பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் வாய் கேட்கவில்லை.

"இது உங்களுது இல்ல சார்."

"என்னுதுதான்மா," என்றார் அவர், கோபம் இல்லாமல். "நாலு மாசமா என் கார்லதான் கிடக்கு. சோதனைக்காகக் கொண்டு வந்தேன். திட்டினாங்கன்னு சொன்னதுதான் கதை. உறையில உண்மைன்னு இருக்கும் பாருங்க."

உறையில் அப்படித்தான் இருந்தது. பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு ஜெயித்த சந்தோஷமே இல்லை. குடையக்காவுக்கு ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறுவது போலிருந்தது. காரியதரிசி மட்டும் பேனாவைத் தூக்கியபடி குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தப் பச்சை நூல்..." என்றாள். "கருப்பு நூல் இல்லாம நானும் ஒருநாள் அப்படித்தான் தச்சேன்."

"உன் குடைன்னா மாப்பிள்ளைகிட்ட அடையாளம் சொல்லும்மா," என்றார் மேலாளர். அவரும் மாப்பிள்ளை என்றுதான் சொன்னார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு மைக் அருகே போனாள். "கருப்புப் பிடி. பிளாஸ்டிக். இல்ல, பழுப்பா? கம்பி பத்து இருக்கும். எனக்கு ஞாபகம் இல்லீங்க."

இருபத்திரண்டு. சிவப்பு விளக்கு.

"யாரு திட்டினாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் குடையக்கா.

"எங்க மாமியார். இன்னும் நிறுத்தல. ரெண்டு குடை தொலைச்சேன், ஒத்துக்கறேன், மூணாவது நான் தொலைக்கவே இல்ல. ஆபீஸ் வாசல் ஸ்டாண்டுலதான் வச்சேன். சாயங்காலம் பார்த்தா இல்ல. சொன்னா நம்பறாங்களா? வச்ச குடைக்குக் கால் முளைச்சுதான்னு கேக்கறாங்க. இனிமே உனக்குக் குடையே கிடையாது, நனைஞ்சுகிட்டே போன்னுட்டாங்க. நாலு மாசமா நனையறேன் அத்தை, உங்களுக்குத் திருப்தியான்னு கேட்டா அதுக்கும் ஒரு சண்டை..."

அவள் தன் மேலதிகாரி முன்னால் நிற்பதையே மறந்துபோயிருந்தாள். குடையக்கா நடுவிலேயே குடையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

மேலாளர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. "அன்னிக்குப் பேய் மழை," என்றார். "வாசல்ல எல்லாக் குடையும் ஒரே மாதிரி இருந்துச்சு. நானும் ஒண்ணு கொண்டு வந்திருந்ததா ஒரு நெனப்பு."

"சார், மாப்பிள்ளை மேல தப்பு இல்ல," என்றார் பொறியாளர், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. "நீங்க சொன்ன அடையாளம் எல்லாமே சரியா இருந்துச்சு."

"இருக்காதா பின்ன? காலையில காரை நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் மனப்பாடம் பண்ணினேன்."

காரியதரிசி மதிப்பெண் தாளை நீட்டினாள். பத்தாவது கட்டம் காலியாக இருந்தது. "என்ன எழுதட்டும் சார்?" என்றாள். உண்மை என்று எழுதினால் குடை மறுபடி காருக்குப் போக வேண்டும். இல்லை என்று எழுதினால் குடையக்கா ஜெயித்ததாக ஆகும். மேலாளர் தாளைப் பார்த்தார், சொட்டுகிற தலைமுடியைப் பார்த்தார், பேனாவை வாங்கித் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டார். குடையக்காவுக்கு ஒன்பது. மாற்றல் கடிதத்தை அவளிடமிருந்து கேட்டு வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் கிளம்பத் திரும்பியபோது குடையக்கா பதிவேட்டைப் பிரித்து வைத்தாள். "ஒரு நிமிஷம் சார். பொருளை ஒப்படைச்சா இதுல பதியணும்."

"என்னன்னு பதிவீங்க?" என்று கேட்டார் அவர். குரல் சற்று இறங்கியிருந்தது.

"கொண்டு வந்தவருக்கு இங்க ஒரே ஒரு கட்டம்தான் சார் இருக்கு. கண்டெடுத்தவர்." கண்ணில் சிரிப்பைக் காட்டாமல் இருக்க அவள் ரொம்பப் பாடுபட்டாள். "அது போதும்தானே?"

அவர் அவளை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கண்டெடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரையும், இடம் என்ற இடத்தில் தன் கார் எண்ணையும் எழுதினார். தேதி என்ற இடத்தில் பேனா நின்றது. "எப்பம்மா காணாமப் போச்சு?" என்று காரியதரிசியைக் கேட்டார்.

பிடியின் நிறம்கூடத் தெரியாத அவள், தேதியையும் கிழமையையும் மணியையும் சேர்த்துச் சொன்னாள்.