அண்ணன் எழுத வேண்டியது

ஐந்து நாளில் ஐந்து படம் அனுப்பியாயிற்று, தங்கையிடமிருந்து ஒன்றுக்கும் பதில் இல்லை. அவள் பார்க்கவில்லை என்றாலாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பார்த்துவிட்டாள் என்று ஒவ்வொரு முறையும் போன் நீலக் குறி போட்டுக் காட்டியது. பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்த மனிதருக்கு இந்த ஐந்து நாள் தாங்கவில்லையாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் அவர். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்க ஊராருக்குச் சொல்வார். வீட்டுக்கு வந்தால் அவர் வாயைத் திறக்க ஆள் வைக்க வேண்டும். மனைவி நாத்தனாரோடு ரகசியமாகப் பேசி வருவது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் ஒரு கௌரவம். அந்தக் கௌரவத்துக்குப் போன வாரம் வந்தது வேட்டு.

"ஞாயித்துக்கிழமை உங்க தங்கச்சி குடும்பத்தோட கடல் தாண்டிப் போறாங்க. அவ வீட்டுக்காரருக்கு அங்கதான் வேலை. இனிமே எப்ப வருவாங்களோ," என்றாள் மனைவி. "அதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிடுங்க."

எதைச் சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது? அதற்குத்தான் படம்.

அது அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்த காலத்துப் பழக்கம். ஒரு நாள் அண்ணன் படம் கொடுப்பார். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கிடக்கும் பழைய பத்திரிகைகளில் யாராவது வரைந்த ஓவியம் இருந்தால் கத்தரித்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியாலேயே அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவார். சாயங்காலம் ஆறு மணிக்குள் தங்கை அதற்குக் கவிதை எழுத வேண்டும். மறுநாள் அவள் முறை. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அல்லவா, அவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் கதவில் சாய்ந்துகொண்டு வார்த்தை இல்லாமல் ஒரு மெட்டை முனகுவாள். அண்ணன் அதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு எத்தனையோ பேருடைய விலா எலும்பைப் படம் பிடித்து, ஆறு மணிக்குள் கவிதையோடு வர வேண்டும். படத்தில் இருக்கும் பொருளின் பெயர் கவிதையில் வரவே கூடாது. மெட்டைப் பற்றி எழுதினால் 'இனிமை' என்ற சொல்லுக்குத் தடை.

குடை பிடித்த பெண்ணின் படத்துக்குத் தங்கை எழுதினாள்: 'இவளை நனைக்க முடியாமல் தெருவெல்லாம் அழுகிறது வானம்.' பொறாமையில் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் எழுதியதைப் படித்தால் அவள் மூக்கைச் சுருக்குவாள். "ரெண்டாவது வரி நொண்டுதுண்ணா, மாவுக்கட்டு போடு." அந்த மூக்குச் சுருக்கலுக்காகவே அவர் வீட்டுக்கு ஓடி வருவார். மூன்று வருடத்தில் ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் எழுதினார்கள். அதைப்போல ஒரு காலம் அதற்குப் பிறகு அவருக்கு வாய்க்கவே இல்லை.

எல்லாம் ஒரு வீம்பில் போயிற்று. கூட வேலை பார்த்த நண்பனுக்குத் தங்கையைக் கொடுப்பதாக, அவளைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். அவள் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அண்ணன் போகவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் வீம்பு வந்தால் கழுதை தோற்றது.

சனிக்கிழமை காலை ஆறாவது படத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"தினம் ஒண்ணு அனுப்புறீங்களே, இன்னிக்கு உங்க முறைதான்னு எப்படித் தெரியும்?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது. பரண்மேல் ஏறி, இருவரும் கவிதைகளை எழுதி வைத்த அந்தத் தடித்த நோட்டைத் தும்மிக்கொண்டே இறக்கினார். கடைசிப் பக்கத்தில் தங்கையின் குண்டு எழுத்து. கல்யாண நாளின் தேதி. அதற்குக் கீழே, 'மெட்டு. அண்ணன் எழுத வேண்டியது.' மீதிப் பக்கம் வெறுமை.

அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டார். எழுத வேண்டியவன் பன்னிரண்டு வருடமாக எழுதாமல் இருந்துவிட்டு, அவளிடம் கவிதை கேட்டு நாளுக்கொரு படம் அனுப்பினால் அவள் என்ன செய்வாள்? முறை தவறினால் ஆட்டம் இல்லை என்பது அவரே போட்ட சட்டம்.

சரி, எழுதிவிடலாம். ஆனால் என்ன மெட்டு? அன்று காலை அவள் புதுச் சேலையில் வாசலில் வந்து நின்றது ஞாபகம் இருந்தது. அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, குனிந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. மற்ற நாள் மெட்டுகளில் நூறு இன்னும் தலைக்குள் ஓடின, அந்த ஒன்று இல்லை. அவர் நோட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். மனைவி காபி போட அடுப்படிக்குப் போனாள்.

பிறகு, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார்.

'வாசலில் நின்று நீ பாடினாய்.
நான் செருப்பைத் துடைத்தேன்.
பன்னிரண்டு வருடமாகத் துடைக்கிறேன்.
தூசி போய்விட்டது, பாட்டும் போய்விட்டது.'

நீலக் குறி விழுந்தது. காத்திருந்தார். ஒரு டம்ளர் காபி ஆறிப்போகும் நேரம் கழித்துப் போன் அடித்தது. அந்தப் பக்கம் பெட்டிகளை இழுக்கும் சத்தம்.

"அண்ணா."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அன்னிக்கு நான் பாடவே இல்லண்ணா," என்றாள் தங்கை. "பாடத்தான் வந்தேன். தொண்டை அடைச்சுக்கிச்சு. நீ ஒரு தடவை நிமிர்ந்து பாப்பேன்னு நின்னேன். அப்புறம் போயிட்டேன்."

பாடாத மெட்டையா இத்தனை நேரம் தேடினோம் என்று நினைத்தார். பாடியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. நிமிராமல் இருந்தது மட்டும்தான் இப்போது மிச்சம்.

"இப்பப் பாடேன்," என்றார்.

"போன்லயா? வீடெல்லாம் மூட்டை முடிச்சு, பிள்ளைங்க சத்தம் வேற. நேர்ல வாண்ணா. வாசல்லதான் இருக்கேன்."

வழியைக் கேட்காமலே போனை வைத்துவிட்டார். விலாசம் மனைவிக்குத்தான் தெரியும். அவள் ஏற்கெனவே கைப்பையோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.