அக்கரையிலிருந்து ஒரு படம்

ஊரில் அவனுக்கு ‘சிக்னல்’ என்று பெயர். கடைகளுக்குக் கேமரா மாட்டுவது தொழில். பெயர் வந்ததென்னவோ வாயால். எங்கே போனாலும் வேலை அரை மணி நேரம், சிக்னலைப் பற்றிய விளக்கம் ஒரு மணி நேரம். அப்பேர்ப்பட்டவன், கம்பியே இல்லாமல் ஏரியைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் படம் அனுப்பிக் காட்டுகிறேன் என்று மனைவியிடம் மார்தட்டினான்.

விஷயம் இதுதான். ஏரிக்கு அக்கரையில் தன் பழைய லேத் பட்டறையிலேயே மாமனார் தனியாக இருந்தார். போன மாதம் படியில் வழுக்கி விழுந்து, இரண்டு மணி நேரம் யாருக்கும் தெரியாமல் கிடந்தார். அங்கே போனும் சரியாக எடுக்காது.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள அப்பா முகம் என் அடுக்களையில தெரியணும். இல்லேன்னா கையோட கூட்டிட்டு வந்துடுவேன்” என்றாள் மனைவி.

“பட்டறையை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்” என்றார் மாமனார்.

“நான் எதுக்கு இருக்கேன்?” என்றான் சிக்னல். அங்கேதான் சனி பிடித்தது.

புதன்கிழமை காலை தன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கிண்ண ஆன்டெனாவை ஏற்றினான். மதியம் பைக்கில் ஏரியைச் சுற்றிப் போய், பட்டறைக் கூரைக் குழாயில் இன்னொரு கிண்ணத்தையும் உள்ளே ஒரு கேமராவையும் மாட்டினான். படத்தை அலையாக அனுப்பும் ரேடியோப் பெட்டிக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஒரு சாண் கேபிள். கூரைக்கு ஏற்றுமுன் தரையில் வைத்து அதைத் திருகும்போது மாமனார் கிட்டே வந்து, அதன் திருகு முனையை உற்றுப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“மாமா, இது அலை சமாச்சாரம். உங்களுக்குப் புரியாது. நீங்க போய் உக்காருங்க.”

அவர் போய் உட்கார்ந்தார்.

லேப்டாப்பில் சிக்னல் எட்டிப் பார்த்தது, ஓடிப்போனது. படம் வரவே இல்லை. அன்று கிண்ணத்தை ஒரு விரற்கடை இடப்பக்கம் திருப்பினான், மறுநாள் வலப்பக்கம். வெள்ளிக்கிழமை குற்றவாளி ஒரு மரக்கிளைதான் என்று தீர்ப்பெழுதி வெட்டித் தள்ளினான். சனிக்கிழமை, ஏரித் தண்ணீர் அலையைக் குடித்துவிடுகிறது என்று மாமனாருக்கு வகுப்பே எடுத்தான். பாவம், மனிதர் சலிக்காமல் கேட்டார். தினமும் இருவருக்கும் சமைத்து வைத்திருப்பார். சாப்பிட்டதும் சீட்டுக்கட்டை எடுப்பார்.

“முட்டைக்கடை வரைக்கும் கேமரா போட்டுட்டீங்க. எங்கப்பாவைக் காட்ட மட்டும் துப்பில்ல” என்றாள் மனைவி. ஓரத்து அறையில் அவருக்குக் கட்டிலும் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேறு வழியில்லாமல் கூரையில் ஏறி எல்லாவற்றையும் கழற்றினான். கேபிள் முனையின் நடுவே ஊசி இருக்க வேண்டும். இல்லை, வெறும் துளை. பெட்டியின் முனையிலும் துளைதான். இரண்டு துளைகள் நான்கு நாட்களாக ஒன்றோடொன்று இறுகத் திருகிக்கொண்டு, நடுவில் தொடாமலே இருந்திருக்கின்றன. வாங்கும்போது “எந்த வகை வேணும்?” என்று கடைக்காரர் கேட்டதும், “என்கிட்டயே கேக்கறீங்களா?” என்று இவன் சிரித்ததும் ஞாபகம் வந்தன. கீழே வெட்டுப்பட்ட கிளை கிடந்தது. அதைப் பார்க்கவே கூசியது.

பெட்டியோடு வந்த கேபிள் உறை பிரிக்காமல் பையிலேயே கிடந்தது. சத்தமில்லாமல் மாற்றினான்.

“ஊசி இல்லேன்னு கண்டுபிடிச்சாச்சா மாப்பிள்ளை?” கீழிருந்து மாமனாரின் குரல்.

பாதி ஏணியில் நின்றுவிட்டான். “உங்களுக்கு எப்போ தெரியும்?”

“புதன்கிழமையே. நாப்பது வருஷம் திருகாணி கடைஞ்ச கண்ணு இது.”

“ஏன் மாமா சொல்லல?”

“நீங்கதானே உக்காரச் சொன்னீங்க?” கையிலிருந்த சீட்டுக்கட்டைத் தட்டி நேராக்கினார். “சொல்லியிருந்தா வியாழக்கிழமை வந்திருப்பீங்களா? கல்யாணமாகி பதினாறு வருஷம் ஆச்சு. நாம ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிட்டது இந்த நாலு நாள்தான்.”

சிக்னல் இறங்கி வந்து, விளக்கம் எதுவும் இல்லாமல் சீட்டை வாங்கிக் கலைத்துப் போட்டான். ஊருக்கே அது புதுச் செய்தி.

அன்று சாயங்காலம் அடுக்களைத் திரையில் படம் பளிச்சென்று வந்தது. மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில், தலை வாரி, கேமராவுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. “அப்பா இளைச்சுட்டாரு” என்று மனைவி திரையைத் தொட்டாள். அப்புறம் திரும்பி, “என்னதான் கோளாறு?” என்றாள்.

“நான்தான்” என்று அசடு வழிந்தபடி எல்லாவற்றையும் சொன்னான். “ஆனா ஒண்ணு, காத்துல கிண்ணம் அசையும். வாராவாரம் நான் போய் நேராக்கணும்.”

எட்டு போல்ட் போட்டு முடுக்கிய கிண்ணம். அவள் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ இன்னொரு நாற்காலியும் போடச் சொல்லுங்க” என்றாள்.