ஒரு மடக்குத் தண்ணீர்

கண் தெரியாதவர்களுக்குச் செய்தித்தாளும் புத்தகமும் படித்துக்காட்டும் அந்தச் சின்ன வானொலி நிலையம் ஒரு பல் டாக்டரின் தலைக்கு மேலே இருந்தது. தலைக்கு மேலே என்றால் மாடியில். கீழே யாருக்காவது பல் பிடுங்கினால் மேலே பதிவை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் காதல் கதைக்கு நடுவே ஒரு ஆள் 'ஐயோ அம்மா' என்று அலறுவான். அதனால் டாக்டர் சாப்பிடப் போகும் மதிய வேளைதான் இவர்களுக்கு நல்ல நேரம்.

நிலையத்தை நடத்துகிறவருக்கு ஸ்டேஷனம்மா என்று பேர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராகக் காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர். ரயில் தாமதம் என்பதை ஈவு இரக்கமில்லாமல், ஏதோ பரிசு அறிவிப்பதுபோல் சொல்லிப் பழகிய குரல். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இங்கே வந்து மாட்டிக்கொண்டார். சம்பளம் யாருக்கும் கிடையாது. டீ உண்டு, அதையும் அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும்.

நிகழ்ச்சியைக் கேட்பதற்கென்று தனி ரேடியோ பெட்டி. கையடக்கமான பெட்டி, ஒரே ஒரு குமிழ், இந்த நிலையத்தைத் தவிர வேறெதையும் பிடிக்காது. அச்சு எழுத்தைப் படிக்க முடியாதவர்களுக்கு மட்டுமே தர வேண்டும் என்ற நிபந்தனையில்தான் பதிப்பகங்கள் புத்தகம் படிக்க அனுமதி கொடுத்திருந்தன. பெட்டிகள் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். வைத்திருப்பவர் காலமானால் பெட்டி திரும்பி வந்து அடுத்தவருக்குப் போக வேண்டும். இதுதான் விதி.

அந்த 'அடுத்தவர்' ஒரு தையல்காரர். போன வருஷம் பார்வை போனதிலிருந்து கடையை மூடிவிட்டு வீட்டில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் ஸ்டேஷனம்மா டீக்குத் தண்ணீர் வைப்பதற்குள் போன் அடித்துவிடுவார். “பெட்டி ஏதாச்சும் திரும்ப வந்துச்சாம்மா?” என்பார். கேட்ட வாயோடு, “யாரும் போய்ச் சேரணும்னு நான் வேண்டிக்கல. சும்மா கேட்டேன்” என்றும் சேர்த்துக்கொள்வார். அடுத்த பெட்டி உங்களுக்குத்தான் என்று ஸ்டேஷனம்மா வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கு தொண்டையில் முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு துப்பறியும் நாவல். ஓட்டல் முதலாளியை விஷம் வைத்துக் கொன்றது யார் என்று தலையணை கனத்துக்கு ஒரு கதை. படித்தவர் ஒரு பஸ் டிரைவர். ஆள் ஒல்லிக்குச்சி, குரலோ அரண்மனை. ஒரே ஒரு குறை. மின்விசிறியின் இரைச்சல் மைக்கில் விழும் என்று பதிவின்போது அதை நிறுத்திவிடுவார்கள். மனிதர் வேர்த்துக் கொட்ட, பத்திக்குப் பத்தி கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு, மடக் மடக்கென்று தண்ணீர் குடிப்பார். குடித்து முடித்து நிம்மதியாக ஒரு 'ஹா' வேறு. நேயர்கள் அவருக்குத் தண்ணிக்காரர் என்றே பேர் வைத்துவிட்டார்கள். கதையைவிடத் தண்ணீர் அதிகம் ஓடுகிறது என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

ஸ்டேஷனம்மா ரோஷக்காரர். யாரோ சொல்லி, ஒலிப்பதிவை வெட்டி ஒட்டும் வேலையைக் கம்ப்யூட்டரில் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டவர் சும்மா இருப்பாரா? புதுக் கத்தரிக்கோல் கிடைத்த குழந்தை மாதிரி கண்ணில் பட்டதையெல்லாம் நறுக்கினார். மடக் போயிற்று, 'ஹா' போயிற்று, மூச்சுகூடப் போயிற்று. நாவல் எக்ஸ்பிரஸ் வேகம் பிடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டியைச் சரியான நேரத்துக்கு ஓட்டிவிட்ட பெருமை அவருக்கு.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். மறுநாளே அதிகாரம் போன் செய்தது.

அதிகாரம் என்பது ஒரு நேயருக்கு நிலையத்தில் வைத்திருந்த பட்டப்பேர். பார்வை போன வயதான அம்மாள். நேரில் யாரும் பார்த்ததில்லை, போனில் மட்டும்தான் பழக்கம். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் கூப்பிட்டு ஒரு குறை சொல்லாவிட்டால் அந்த அம்மாளுக்குச் சாப்பாடு இறங்காது.

“என்னம்மா, டிரைவர் தண்ணி குடிக்கிறதை விட்டுட்டானா?” என்று ஆரம்பித்தது அதிகாரம். “பேய் துரத்துற மாதிரி ஓடுறான். நடுவுல நாங்க ஒரு வார்த்தை பேச வேணாமா? குடிக்கச் சொல்லு அவனை. இல்லன்னா...”

இல்லாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. குரல் உடைந்து, போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஸ்டேஷனம்மா ஆடிப்போனார். அதிகாரம் திட்டும், மிரட்டும், அழாது. வயதானவருக்கு உடம்புக்கு என்னவோ என்று மனசு அடித்துக்கொண்டது. பெட்டியைச் சரிபார்க்க வந்ததாகச் சாக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார்.

வீடு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில். மின்தூக்கி வேலை செய்யவில்லை. படியேறி, மூச்சு வாங்கி, மணியடித்தால் கதவைத் திறந்தவள் மருமகள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், கடைச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலோடு போய்விடும். ஆக வீட்டில் மாமியாரும் மருமகளும்தான்.

நிலையத்திலிருந்து வருகிறேன் என்றதும் அவள் முகம் வெளுத்தது. அத்தை தூங்குவதாகச் சொன்னாள். அப்புறம் வருகிறேன் என்று போகிற ஆளா ஸ்டேஷனம்மா? எழுந்ததும் பார்த்துவிட்டே போகிறேன் என்று நாற்காலியில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துவிட்டார். மருமகள் வேறு வழியில்லாமல் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே சண்டை தொடங்கியது. இந்த நேரத்துல யாருடி வந்திருக்கா என்றது அதிகாரத்தின் குரல். ரேடியோக்காரங்க அத்தை என்றது மருமகளின் குரல். எனக்கு முடியல, போகச் சொல்லு. வீடு தேடி வந்தவங்களை எப்படி அத்தை போகச் சொல்றது?

ஸ்டேஷனம்மா காதைத் தீட்டிக்கொண்டார். குரலிலேயே பிழைத்த காது அது, கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே தொலைந்த குழந்தையின் அழுகையைப் பிரித்து எடுக்கும். அந்தக் காதுக்கு எங்கேயோ இடறியது. குரல் அசல் அதிகாரம்தான், சந்தேகமில்லை. ஆனால் மாமியார் பேசி முடித்த பிறகே மருமகள் பேசினாள். மருமகள் பேசி முடிக்கும்வரை மாமியார் காத்திருந்தார். ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழவே இல்லை. உலகத்தில் எந்த வீட்டில் ஐயா மருமகளை ஒரு வாக்கியம் முழுசாக முடிக்க விட்டார்கள்?

ஸ்டேஷனம்மா எழுந்து போய்க் கதவைத் தள்ளினார்.

சுருக்கமில்லாமல் விரித்த கட்டில். மூலையில் சாத்திவைத்த கைத்தடி. ஜன்னலோரம் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள், நடுவில் அந்த ரேடியோ பெட்டி. மருமகள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

நாவல் பாதியில் இருக்கும்போதே அந்த அம்மாள் இறந்துபோயிருந்தார். பெட்டி கைவிட்டுப் போகக்கூடாதென்று மருமகள் அதை நிலையத்துக்குச் சொல்லவில்லை. அதோடு விடாமல், சந்தேகம் வராதிருக்க மாமியார் குரலில் போன் செய்து திட்டிக்கொண்டும் இருந்திருக்கிறாள். இத்தனை நாள் செத்துப்போனவரிடம் திட்டு வாங்கினோமா என்று ஸ்டேஷனம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனிதர் தினம் தினம் போனைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறார், கண் இருக்கிறவள் நீ பெட்டியைப் பதுக்கி வைத்திருக்கிறாய், கதை வேண்டுமென்றால் புத்தகம் வாங்கிப் படிக்கக்கூடாதா என்று பிடித்து உலுக்கிவிட்டார்.

“வாங்கினேம்மா. ரெண்டு பக்கம் படிச்சேன்” என்றாள் மருமகள். “புத்தகம் தண்ணி குடிக்கல.”

ஸ்டேஷனம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருமகள் ஒரு நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமான நாள்லேர்ந்தே ஆகாது. வாயைத் திறந்தா சண்டைதான். அப்புறம் பேசறதையே விட்டுட்டோம். அவங்களுக்குக் கண்ணு போச்சு, இந்தப் பெட்டி வந்துச்சு. அந்த ஆள் தண்ணி குடிக்கிறப்ப, நர்ஸுதான் விஷம் வச்சான்னு அத்தை சொல்வாங்க. இல்ல, முதலாளியோட தம்பிதான்னு நான் சொல்வேன். உனக்குப் புத்தி இல்லன்னு சொல்வாங்க. நான் பதிலுக்குக் கத்தறதுக்குள்ள அவர் குடிச்சு முடிச்சுட்டுப் படிக்க ஆரம்பிச்சுடுவார். சண்டை பெருசாகறதுக்கு நேரமே கிடைக்காது. அப்படித்தாம்மா நாங்க சேர்ந்தோம். இப்பவும் அவர் தம்ளரை எடுத்தா எனக்கு அத்தை குரல் கேக்கும். நீங்க அதை வெட்டிட்டீங்க.”

ஸ்டேஷனம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. இருந்தாலும் தையல்காரர் தையல்காரர்தான், வாக்கு வாக்குதான். ஸ்டேஷனம்மா வாயைத் திறந்து கேட்பதற்குள் மருமகளே பெட்டியை எடுத்து, தூசி தட்டி, ஒரு கைத்துண்டில் சுற்றிக் கொடுத்தாள். இடைவெளியைத் திரும்பப் போட்டுவிடுங்கள், அந்த மனிதர் வீட்டிலாவது யாராவது பேசிக்கொள்ளட்டும் என்றாள். படியிறங்கும்போது ஸ்டேஷனம்மாவுக்குக் குழந்தை கையிலிருந்து மிட்டாயைப் பிடுங்கிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. பாதிப் படியில் நின்று, திரும்ப மேலே ஏறினார்.

“கண்ணு இருக்கிறவங்களுக்குப் பெட்டி கொடுக்கக்கூடாதுன்னுதான் விதி. பதிவு பண்ற ரூம்ல யார் உக்காரலாம்னு விதி ஒண்ணும் இல்ல” என்றார் மூச்சு வாங்கியபடி. “கடைசி அத்தியாயம் நாளைக்குப் படிக்கிறாரு. வா. ஆனா வாயைத் திறந்தே, தொலைச்சிடுவேன்.”

அன்று சாயங்காலமே பெட்டி தையல்காரர் வீடு போய்ச் சேர்ந்தது. வெட்டியெறிந்த மடக்குகளை, பழைய பதிவிலிருந்து ஒன்றுவிடாமல் பொறுக்கியெடுத்து, முந்தைய அத்தியாயங்களை அன்றிரவே விடிய விடிய முழுசாக மறுஒலிபரப்பும் செய்தார் ஸ்டேஷனம்மா. தையல்காரர் அவற்றைக் கேட்டுவிட்டு, கதை அருமை, ஆனால் படிக்கிறவருக்கு ஏதாவது வியாதியா என்று விசாரித்தார்.

மறுநாள் மதியம். கீழே டாக்டர் சாப்பிடப் போய்விட்டார். மின்விசிறி நின்றது. மருமகள் மூலை நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணிக்காரர் படிக்கத் தொடங்கினார். அரண்மனைக் குரல் ஓட்டலின் இருட்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறியது. இன்ஸ்பெக்டர் கதவை உதைத்துத் திறந்தார். கைவிளக்கைத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தது...

தண்ணிக்காரர் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தம்ளரை எடுத்தார். மடக்.

“நர்ஸுதான்” என்றது அதிகாரம். “நான் அப்பவே சொன்னேன். உனக்குத்தான் புத்தி இல்ல.”

தண்ணிக்காரருக்குப் புரையேறிவிட்டது. மருமகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வேண்டுமென்று பேசவில்லை, வாய் முந்திக்கொண்டுவிட்டது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் அடுத்த வரியைப் படித்தார். நின்றுகொண்டிருந்தது நர்ஸ். இவ்வளவு நாளும் தம்பிதான், தம்பிதான் என்று பந்தயம் கட்டியவள், தோற்றுப்போன சந்தோஷத்தில் சத்தம் வராமல் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

எல்லோரும் போன பிறகு ஸ்டேஷனம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அந்த இடத்தை வெட்டுவது ஒரு விரலசைவு. ரயில் நிலையத்தில் எத்தனை பேர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வார்த்தை சொல்லும்போது, தன் குரல் மேலேயிருந்து விழுந்து அதை மூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இதையாவது விட்டுவைப்போமே என்று மறுநாள் அப்படியே ஒலிபரப்பிவிட்டார்.

ஒலிபரப்பு முடிந்த கையோடு போன் அலறியது. தையல்காரர்.

“யாரும்மா அந்தக் கெழவி? முடிவை முன்னாடியே போட்டு உடைச்சிட்டாங்களே! நான் தம்பின்னு எவ்வளவு நம்பிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? நர்ஸ் எப்படிங்க வச்சிருக்க முடியும்? கதை எழுதினவனுக்கே புத்தி இல்ல.”

மருமகள் அங்கேதான் இருந்தாள். நேற்றுச் செய்த கூத்துக்கு மன்னிப்புக் கேட்டு, தண்ணிக்காரருக்கு ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலும் வாங்கி வந்திருந்தாள். ஸ்டேஷனம்மா போனை அவளிடம் நீட்டினார்.

அவள் தயங்கித் தயங்கி, தன் சொந்தக் குரலில்தான் ஆரம்பித்தாள். “அது எங்க அத்தை சொன்னதுங்க. அவங்க சரியாத்தான் சொன்னாங்க. மருந்து அலமாரிச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

சாவி தம்பியிடமும்தான் இருந்தது என்று அந்தப் பக்கம் பாய்ந்தது. எந்த அத்தியாயத்தில், காட்டுங்கள் என்று இவள் பாய்ந்தாள். நேற்றுவரை தம்பிதான் என்று சாதித்த அதே வாய், இப்போது மாமியார் பக்கம் வரிந்து கட்டிக்கொண்டு நின்றது. அவர் முடிப்பதற்குள் இவள் பேசினாள், இவள் முடிப்பதற்குள் அவர் பேசினார். போனுக்கு வெளியேயும் கேட்டது அவர் குரல், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. ஸ்டேஷனம்மாவின் காதுக்கு இப்போதுதான் சரியாக இருந்தது.

மருமகளுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. ஸ்டேஷனம்மா ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி அவள் முன்னால் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. குடித்தால் அந்த மனிதருக்குப் பேச இடம் கிடைத்துவிடும்.