கேமரா கற்றுக்கொண்ட ஆள்

முட்டியில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து இரண்டு வருடமாக என்னை ஆடக் கூப்பிட ஆளில்லை. நாற்பத்தாறு வயது, முட்டிக்குள் ஸ்டீல். யார்தான் கூப்பிடுவார்கள்? அதனால் ஓர் அரங்கத்தின் இயக்குநர் அம்மா என்னைப் பதினைந்து நிமிடம் ஆடிக்காட்டச் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிடித்துவிட்டால் ஆறு மாதத்துக்கு மேடை எனக்கு. ஆட்டத்தில் நவீனமாக ஏதாவது இருக்கவேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்காரர். நான் ஹாலில் பயிற்சி செய்யும்போதெல்லாம் சோபாவில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார். எப்படி இருந்தது என்று கேட்டால் தலையைத் தூக்காமலே நல்லா இருந்துச்சு என்பார். அப்பேர்ப்பட்டவர் தானாக முன்வந்து ஓர் ஏற்பாடு செய்தார். மேடைக்கு மேலே ஒரு கேமரா. நான் கையைத் தூக்கினால் பின்திரையில் மேகம் கூடும், சுழன்றால் மின்னல் வெட்டும், காலைத் தட்டினால் மழை பெய்யும். மழைக்காகக் காத்திருக்கும் பெண்ணின் ஆட்டம் என்பதால் எனக்கும் பிடித்துப்போனது. ஒவ்வொரு அசைவையும் நூற்றுக்கணக்கான தடவை காட்டினால்தான் கேமராவுக்குப் பிடிபடுமாம். இரண்டு நாள் ஆடிக்காட்டினேன். போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எப்படி என்று நானும் கேட்டுத்தொலைக்கவில்லை.

ஆடிக்காட்ட வேண்டிய நாள் காலை இயக்குநர் அம்மா இரண்டு பேரோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். கையைத் தூக்கினேன். மேகம் வரவில்லை. சுழன்றேன். முட்டி வலித்ததுதான் மிச்சம். காலைத் தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. மேடையோரம் லேப்டாப்போடு இருந்த என் வீட்டுக்காரர் திருதிருவென்று முழித்தார். முகத்திலிருந்த ஏக்கத்தைக் கலைக்காமல் ஆடியபடியே அவர் பக்கம் நகர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?”

“உன் முட்டி வீங்கியிருந்துச்சும்மா. அதான் நீ டாக்டர்கிட்ட போற நேரத்துல நானே ஆடிட்டேன். மூணு வாரம். அது என்னைத்தான் கத்துக்கிச்சு போல.”

இவரா ஆடினார்? ஷூ மாட்டக் குனிந்தால் நிமிர்வதற்குச் சுவரைத் தேடுகிற மனுஷன். வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் இயக்குநர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

முப்பது வருடப் பயிற்சியை மூட்டை கட்டி வைத்தேன். தொப்பை இருப்பதுபோல வயிற்றைத் தள்ளினேன். பரணில் எட்டாத டப்பாவை எடுப்பவர் மாதிரி முழங்கையை மடக்கிக் கையைத் தூக்கினேன். மேகம் கூடியது. சாவியை எங்கே வைத்தோம் என்ற யோசனையில் நின்று நின்று திரும்பினேன். பளீரென்று மின்னல். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாதத்தைத் தொப்பென்று வைத்தேன். கொட்டு கொட்டென்று கொட்டியது மழை.

அடுத்த அசைவுக்கும் பெய்தது, அதற்கடுத்ததற்கும் பெய்தது. நான் கடைசி வாரம் மாற்றியமைத்த பகுதிக்குக்கூடப் பெய்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷன் பதினைந்து நிமிட ஆட்டத்தையும் ஒன்றுவிடாமல் பார்த்து வைத்திருக்கிறார். தள்ளிய வயிற்றை உள்ளே இழுக்காமல் ஆட்டத்தைத் தொடர்ந்தேன்.

முடிந்ததும் இயக்குநர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, சிரித்து விலா நோகிறது, ஆறு மாதம் தருகிறேன், ஆனால் எதையும் மாற்றக்கூடாது என்றார். ஊரை அழவைத்தே பேர் வாங்கியவள் நான். மானம் கப்பலேறியது. இருந்தாலும் மேடை கிடைத்த சந்தோஷத்தில் சரி என்றேன்.

மறுநாள் காலை ஹாலில் சோபாவை ஓரம் தள்ளி, அவரை நடுவில் நிறுத்தினேன். நோட்டும் பென்சிலுமாக எதிரே உட்கார்ந்து, நடக்கச் சொன்னேன். வலது கையும் வலது காலும் சேர்ந்தே போயின. எப்போதும்போல நடக்கத் தெரியாதா என்று அதட்டினேன்.

“நீ இப்படி உத்துப் பாத்தா எப்படி நடக்கிறது? இருபது வருஷத்துல ஒரு நாளும் பாத்ததில்லையே,” என்றார். காது மடல் சிவந்திருந்தது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை நடக்கச் சொன்னேன்.