ஒரு நூல் முந்தி

றெக்ஸுக்குள் பொறுமை என்ற சாமானை வைக்க ஆண்டவர் மறந்தேபோனார். பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போதே, புளியந்தீவில் இறங்குவதற்கென்று எழும்பிக் கதவடியில் நிற்கிற ஆள் அவன். கோயிலில் சுவாமி செபத்தை முடிக்க முதல் ஆமென் சொல்லிவிடுவான். பக்கத்தில் இருக்கிற மனைவி பியட்றிஸ் முழங்கையால் இடித்து இடித்து அவனுடைய விலாவே மரத்துப்போயிற்று. இப்படிப்பட்ட மனிசன் கையில் பேஸ் கிற்றாரை யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள்.

கொடுத்தாயிற்று, வாசிக்கிறான். பியட்றிஸின் அண்ணன் கொன்ராட் நடத்துகிற பேண்ட் அது. கொன்ராட் பாடுவான், பிரதீஸ் கீபோர்ட், நிலோஜன் ட்ரம்ஸ். மட்டக்களப்பில், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணம் என்றால் பெரும்பாலும் இவர்கள்தான். கிழமை நாளெல்லாம் வெல்டிங் பட்டறையில் வெந்துகொண்டு கிடக்கிற றெக்ஸுக்கு, மேடையில் அந்த நாலு தந்திக்குப் பின்னால் நிற்பதைவிட வேறு பெருமை உலகத்தில் கிடையாது.

அந்தப் பெருமையில்தான் கொன்ராட் ஒருநாள் கல்லைத் தூக்கிப் போட்டான். "பிரதீஸின்ர இடக்கை சும்மாதானே கிடக்கு, பேஸையும் அதே பாத்துக்கொள்ளும் போல" என்றான். பகிடியாகத்தான் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், றெக்ஸும் சிரித்தான். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு நித்திரை பாதிதான்.

தன் சத்தத்தில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டினான். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். புதுத் தந்தி போட்டான். தரையில் இருந்த தன் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி, ஆளை இருத்துவதுபோலக் கதிரையில் இருத்தினான். கீழே வைத்தால் சத்தம் வாசிக்கிறவனுடைய முழங்காலுக்குத்தான் கேட்கும், காதுக்குக் கேட்காது என்று வீடியோவில் ஒருத்தன் சொல்லியிருந்தான். என்ன அதிசயம், ஈஸ்டருக்குப் பிறகு எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் ஆட்கள் தேடி வந்து கையைப் பிடித்தார்கள். "றெக்ஸ், இண்டைக்கு பேஸ் அந்தமாதிரி!" என்றார்கள். றெக்ஸ் பூரித்துப்போனான். எல்லாம் அந்தக் கதிரையின் புண்ணியம் என்று நம்பினான்.

மேடையில் நிற்கிறவனுக்குத் தன் சத்தம் தெரியாது, இறங்கிப்போய் ஆட்கள் நிற்கிற இடத்தில் நின்று கேள் என்றும் ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதற்காகக் கொழும்பிலிருந்து வயர்லெஸ் எடுப்பித்தான். தீப்பெட்டி அளவில் இரண்டு துண்டு. ஒன்றைக் கிற்றாரில் செருகி, மற்றதைப் பெட்டியில் செருகினால் வயர் தேவையில்லை, ஹோல் முழுக்க நடந்து திரியலாம். கால் தரிக்காத மனிசனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதன்முதலாக அதைக் கொண்டுபோனது அன்ட்றியாவின் கலியாணத்துக்கு. அன்ட்றியா அவனுடைய ஞானமகள். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி நின்றவன் அவன். மத்தியானம், புளியந்தீவில் ஒரு ஹோல். சனம் சாப்பிட்டு முடித்து ஆட எழும்பிய நேரம், றெக்ஸ் வாசித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கினான். "அடியேய், இவரைப் பாருங்கடி!" என்று பெண்டுகள் கைதட்டினார்கள். அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

ஹோலின் நடுவில் வந்தபோது எதிரே சுடச்சுடப் பொரித்த பற்றிஸ் பலகாரத் தட்டு வந்தது. அவசரக்குடுக்கை அல்லவா, பாட்டு முடியும்வரை பொறுப்பானா? வலக்கையை எடுத்து ஒரு பற்றிஸைத் தூக்கி வாயில் போட்டான்.

பேஸ் நிற்கவில்லை.

இரண்டு பக்கத்துப் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்தும் கும்கும் என்று சுகமாக வந்துகொண்டிருந்தது. றெக்ஸ் தன் கையைப் பார்த்தான், பற்றிஸ் தூள்தான் இருந்தது. மேடையைப் பார்த்தான். பிரதீஸின் இடக்கை கீபோர்ட்டின் ஓரத்தில் நிதானமாக ஏறி இறங்கியது. கொன்ராட் இவனைப் பார்த்துவிட்டு, பாட்டின் நடுவில் சொல்லை விழுங்கினான்.

வாயில் இருந்ததை மென்று முடிக்கவும் அவன் பொறுக்கவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு, ஹோலின் கடைசிச் சுவரோடு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரை வைத்துக்கொண்டிருந்த பாஹிமிடம் போனான். காத்தான்குடியில் சவுண்ட்ஸ் வைத்திருக்கிற பாஹிம், எப்போதும் இவர்களோடு வருகிறவன்.

"பாஹிம், என்ர பேஸ் எங்க?"

"றெக்ஸண்ணே, சாப்பிட்டீங்களா?"

"என்ர பேஸ் எங்கடா?"

பாஹிம் விரலால் காட்டினான். வரிசையாக நின்ற குமிழ்களில் ஒன்று மட்டும் அடியோடு அடியாகக் கிடந்தது. "ஈஸ்டர்ல இரிந்து இப்பிடித்தான். கொன்ராட்டண்ணன்தான் இறக்கிவைக்கச் சொன்னாரு. உங்கட பெட்டி மேடைக்கு மட்டும் கேக்கும், சனத்துக்குப் போறது பிரதீஸ்ர."

"ஏன்?"

"நீங்க முந்திறீங்கண்ணே. கனக்க இல்ல, ஒரு நூல்தான். நிலோஜன் அடிக்க முதல் நீங்க விரலை வெச்சிர்றீங்க. ஆடுற ஆக்களுக்குக் கால் பின்னுது."

"பியட்றிஸுக்குத் தெரியுமா?"

பாஹிம் குனிந்து ஒரு வயரைச் சரிசெய்யத் தொடங்கினான். சரியாக இருந்த வயர்.

இத்தனை மாதமும் பேய்க்காட்டியிருக்கிறார்கள். கைபிடித்துப் பாராட்டினவர்கள் எல்லாரும் பிரதீஸின் இடக்கையைத்தான் பாராட்டியிருக்கிறார்கள். இவன் வெட்கமில்லாமல் கதிரையைப் பற்றி விளக்கம் வேறு கொடுத்திருக்கிறான். அழவேண்டும் போலவும் இருந்தது, ஓடிப்போய் மச்சானின் கழுத்தைப் பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

அடுத்த பாட்டு தொடங்கியது. றெக்ஸ் அந்த இடத்திலேயே, பாஹிமுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கத் தொடங்கினான்.

"ஏத்து."

"அண்ணே, கலியாண வீடு..."

"ஏத்தடா எண்டுறன்!"

பாஹிம் வாய்க்குள் பிஸ்மில்லாச் சொல்லிக் குமிழை மெல்ல மேலே தள்ளினான். றெக்ஸின் பேஸ் ஹோலுக்குள் வந்தது. மேடையில் பிரதீஸ் திடுக்கிட்டு இடக்கையை எடுத்தான். இப்போது கால் பின்னும், இப்போது பின்னும் என்று பாஹிம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தான். ஒருவருடைய காலும் பின்னவில்லை. ட்ரம்ஸும் பேஸும் ஒட்டிக்கொண்டு போயின.

"அண்ணே," என்றான் பாஹிம். "நல்லாரிக்கு. சத்தியமா நல்லாரிக்கு!"

றெக்ஸுக்குத் தலை கிறுகிறுத்தது. பாருங்கடா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேடையை நோக்கி நடந்தான். பாதி தூரம் போயிருக்கமாட்டான், ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் இடிபடத் தொடங்கினார்கள். ஒரு மனுசி புருசனின் காலை மிதித்தாள். றெக்ஸ் திரும்பிப் பார்த்தான். பாஹிம் இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தான். பின்னுக்கு, பின்னுக்கு!

பின்னுக்கு வந்தான். சரியாயிற்று. நம்பாமல் இன்னொருமுறை முன்னுக்குப் போனான். கெட்டது. மறுபடி சுவரடிக்கு வந்தபோதுதான் கவனித்தான். நிலோஜனின் குச்சி முதலில் கண்ணுக்கு விழுந்தது, சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. வாவியின் அங்கால் கரையில் விறகு கொத்துகிறவனுடைய கோடாரியும் இப்படித்தான். அவன் முந்துகிற நூலும், சத்தம் பிந்துகிற நூலும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. ஹோலின் கடைசிச் சுவரில் நின்றால் மட்டும் றெக்ஸ் நேரத்துக்கு வாசிக்கிற மனிசன். அட கடவுளே, இதுக்கு அழுகிறதா சிரிக்கிறதா?

பாட்டு முடிந்ததும் கொன்ராட் வியர்க்க வியர்க்க இறங்கி வந்தான். "றெக்ஸ், சொன்னா நீ தாங்கமாட்டாய் எண்டுதான் மச்சான்..."

"அதுக்கு? உயிரில்லாத கிற்றாரோட என்னை மேடையில நிப்பாட்டி வெச்சா தாங்குவனா?"

"உன்னை விலத்த மனம் வரேல்ல. பியட்றிஸும் அழுதாள்."

"வெட்டிவிட்டிருந்தா ஒரு கிழமை குடிச்சிப்போட்டு எழும்பியிருப்பன்டா." றெக்ஸ் கிற்றாரைக் கையால் தட்டினான். "இப்ப என்ன செய்ய? எந்தக் கலியாணத்தில நான் வாசிச்சன், எதில வாசிக்கேல்ல எண்டே எனக்குத் தெரியாது."

கொன்ராட் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "சரி, வா. அடுத்தது கபிறிஞ்ஞா. பொம்புள மாப்புள முன்னுக்கு ஆடப்போறாங்க, வீடியோ ஓடுது. ஞானத்தகப்பன் மேடையில இல்லாட்டி அன்ட்றியா என்ன நினைப்பாள்? பாஹிம் முந்தி மாதிரிச் செய்துகொள்ளுவான்" என்றான்.

முந்தி மாதிரி என்றால் என்னவென்று மூவருக்கும் தெரியும். றெக்ஸ் மேடையைப் பார்த்தான். பூ, விளக்கு, வீடியோக்காரன், அவன் நிற்கிற இடம். வெள்ளை உடுப்பில் அன்ட்றியா அங்கிருந்து கையைக் காட்டி வரச்சொல்லிக் கூப்பிட்டாள். போகவேண்டும் என்று அவன் கால் இரண்டும் துடித்தன. இந்த நாளுக்காகத்தானே கோட்டுத் தைத்தான்?

"ஏறினா பேஸ் பிரதீஸின்ர," என்றான். "இஞ்ச நிண்டா என்ர. நீ போ."

"இஞ்ச எச்சிக் கோப்பை அடுக்கிற இடம் மச்சான். ஒருத்தரும் உன்னைப் பாக்கமாட்டாங்க."

"கேப்பாங்கதானே?"

கொன்ராட் தலையைக் குனிந்துகொண்டு போனான். பறங்கியரின் பழைய ஆட்டப்பாட்டான கபிறிஞ்ஞா தொடங்கியது. அன்ட்றியா பாவாடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு சுழன்றாள். பியட்றிஸும் எழும்பி ஆடினாள், ஆடிக்கொண்டே மேடையில் புருசனைத் தேடினாள். கோப்பைகளுக்கும் சோடாப் பெட்டிகளுக்கும் நடுவில் றெக்ஸ் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு வாசித்தான். ஓரடி முன்னுக்கு வைக்கவில்லை. ஒருத்தருடைய காலும் பின்னவில்லை.

கடைசியில், பாட்டு ஓட ஓடவே, கொன்ராட் மைக்கில் எல்லாருடைய பெயரையும் கூப்பிட்டான். பிரதீஸுக்குக் கைதட்டல், நிலோஜனுக்கு விசில். "பேஸ் கிற்றார்..." என்றுவிட்டுக் கொஞ்சம் நின்றான். "பேஸ் கிற்றார், எங்கட றெக்ஸ்!"

ஹோல் முழுக்க எழும்பி நின்று, மேடையில் அவன் இல்லாத இடத்தில் கதிரைமேல் இருந்த கறுத்தப் பெட்டியைப் பார்த்துக் கைதட்டியது. இங்கே பின்சுவரில் றெக்ஸின் கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை, வாசித்துக்கொண்டிருந்தான்.