வால் குருவியும் என் வீட்டுக்காரர் தொண்டையும்

என் வீட்டுக்காரர் அறிவரசனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கல் உடைக்கும் கிரஷரில் பதினெட்டு வருஷ வேலை. அந்த இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிப்போய், பூலாம்பாடியில் எங்கள் வீட்டில் அவர் தண்ணீர் கேட்டால் அடுத்த தெரு எட்டிப் பார்க்கும். இப்பேர்ப்பட்ட மனுஷனைக் கூட்டிக்கொண்டு பச்சைமலைக் காட்டுக்குக் குருவி பார்க்கப் போனேனே, என்னைச் சொல்லணும்!

போனில் ஒரு வீடியோ வந்ததிலிருந்து பிடித்த பைத்தியம் இது. பால் வெள்ளையில் ஒரு குருவி, உடம்பைவிட நீளமாக வால். குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போகுமாம். இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அடுத்த ஐப்பசிதான். போன இரண்டு ஞாயிறும், "செல்வி! குருவி இருக்குதா?" என்று இவர் கேட்டே காட்டைக் காலி பண்ணிவிட்டார்.

"இன்னைக்கு வாயத் தொறந்தீங்க, எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன்" என்றேன், மலையேறும்போதே.

"நான் மெதுவாத்தானே புள்ள பேசுறேன்!"

புதரிலிருந்து நாலு மயில் தெறித்து ஓடின.

ஓடையோரம் வந்தோம். மூங்கிலுக்குள் காலை வெயில், பாறையெல்லாம் பட்டாம்பூச்சி, ஈர மண் வாசனை. அடடா, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போது பின்னால் ஏதோ உறுமல். திரும்பினால், இவர் தோள் துண்டு முழுவதையும் வாய்க்குள் திணித்துக்கொண்டு கண் பிதுங்க நிற்கிறார்.

"ஐயையோ! முறுக்கு அடைச்சுக்கிச்சா? நடக்கறப்ப திங்காதீங்கன்னு சொன்னேனே!"

முதுகில் நாலு சாத்து சாத்தினேன். தலையை ஆட்டுகிறார், கையை மேலே காட்டுகிறார், நான் அடிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் என் முகவாயைப் பிடித்து மேலே திருப்பினார்.

தலைக்கு மேல் மூங்கிலில் அது உட்கார்ந்திருந்தது. வெள்ளை வெளேரென்று! ஒரு பூச்சியைப் பிடிக்கப் பறந்தது, வால் ரிப்பன் மாதிரி நெளிந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஓடையைத் தாண்டி அது மறையும்வரை அவர் துண்டை எடுக்கவில்லை.

"பாத்தியா?"

"பாத்துட்டேங்க!"

"பாத்துட்டா! எம்பொண்டாட்டி பாத்துட்டா!"

மலையே அதிர்ந்தது. நான் அவரை அடக்கவில்லை. தொண்டை கட்டும்வரை நானும் அவரோடு சேர்ந்து கத்தினேன்.