முஸ்பிறாவின் மெசின்

சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையொன்றில், முஸ்பிறாவின் வீட்டுக்குள் மட்டும் வருசக்கணக்காக மண் பெய்தது. வெளியே வெயில் எறிக்கும், பக்கத்து முற்றத்தில் மிளகாய் காயும். இவள் வீட்டு மண்டபத்தில் மட்டும் முகட்டிலிருந்து கடல்மண் சொரியும். சில நாள் அரித்த மாவைப் போல, சில நாள் சிப்பி ஓட்டுத் துண்டுகளோடு. கல்முனையில் மின்சாமான் கடை வைத்திருந்த அவள் கணவன் இன்பாஸ், கூரை ஓட்டைப் பிரித்து அஸ்பெஸ்டஸ் சீற் போட்டான். சீற்றைக் கழற்றிவிட்டு கொங்கிறீற் பிளேட் அடித்தான். மண் கொங்கிறீற்றையும் மதிக்கவில்லை. ஹஸ்ரத் ஒருவர் வந்து ஓதினார், அவருடைய தொப்பியும் நிறைந்தது. பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்டது. அந்த வீட்டில் தேத்தண்ணியை மூடிபோட்டுக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

மண் எதனால் வந்தது என்பது முஸ்பிறாவுக்குத் தெரியும். அவள் பொறியியல் படித்தவள். கொழும்பில் வீட்டு மெசின்கள் வடிவமைக்கும் வேலையொன்று கிடைத்திருந்தது. கலியாணம் முடிந்த கையோடு இன்பாஸ், "பொம்புள உழைச்சா இந்த ஊட்ட ஒல கொதிக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் கடைக்குப் போனான். நாக்கு நுனிவரை வந்த சொல்லை அவள் விழுங்கினாள். அப்போதுதான் முதல் பிடி மண் கட்டில் விரிப்பில் விழுந்தது. அதன்பிறகு விழுங்கிய அளவுக்குப் பெய்தது. கறியில் உப்புக் கூடிப்போச்சென்று அவன் பீங்கானைத் தள்ளிய பகலில் ஒரு கடகம் நிறைய அள்ளினாள். கூட்டிக் கூட்டித் தோள் கழன்றுபோனது. இன்பாஸ் கடையிலிருந்து மண் உறிஞ்சும் வெக்கியூம் மெசின் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். கிடாய்க் கன்று போல் பாரம், வயரோ அறைவாசலோடு சரி, போதாததற்குக் கரண்ட் வெட்டுக் காலம். முஸ்பிறா அதைக் கழற்றிப் பார்த்தாள். இதைச் செய்தவன் தன் சீவியத்தில் ஒரு வீட்டையும் கூட்டியிருக்க மாட்டான் என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் அவள் தன் மெசினைச் செய்தாள். பக்கத்து வீட்டுச் சபூறா, குவைத்தில் பிறர் வீடுகளைத் துடைத்தே வலது மணிக்கட்டைக் கோணவிட்டவள். அந்தக் கையை வைத்தே முஸ்பிறா ஒவ்வொன்றையும் சோதித்தாள். மோட்டரைக் கைப்பிடிக்கு முன்னால் வைத்தால் சபூறாவின் கை முன்னுக்குச் சரிந்தது. நிலத்தோடு வைத்தால் மெசின் கட்டிலுக்குக் கீழே நுழையவில்லை. கடைசியில் மோட்டர் முன்னுக்கும் பெட்டரி பின்னுக்குமாக, கையை நடுவில் விட்டாள். தராசுத் தட்டுகள் போல இரண்டு பாரமும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன. விரல் தடிப்பில் அலுமினியக் குழாய். வடிகட்டியை அடைக்க விடாமல் மண்ணைச் சுழற்றிக் கொட்டும் ஒரு கோப்பை. வயர் இல்லை. வீடு முழுதும் கூட்டி முடியும்வரை தாங்கும் பெட்டரி. சபூறா அதைத் தூக்கி முகட்டு மூலையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். "கையில ஒண்டும் இரிக்கிற மாதிரியே இல்ல புள்ள."

இன்பாஸ் அதைக் கொழும்புக் கம்பனிக்காரர்களுக்குக் காட்டப் போவதாகச் சொல்லி எடுத்துப் போனான். மாதங்கள் போயின. ஒரு நாள் கல்முனைச் சந்தியில் பெரிய பதாகை தொங்கியது. இன்பாஸின் படம். 'அன்பு மனைவிக்காக ஒரு கணவனின் கண்டுபிடிப்பு, பெண்களின் பூங்கரங்களுக்கு.' மெசினுக்கு றோஸ் நிறம் பூசியிருந்தார்கள். இன்னும் மெலிதாகத் தெரியவேண்டுமென்று பெட்டரியைப் பாதியாக்கியிருந்தார்கள். பதாகையைப் பார்த்துவிட்டு வந்தவள் ஒன்றும் பேசாமல் மண்டபத்தில் உட்கார்ந்தாள். பின்னேரத்துக்குள் மண் யன்னல்மட்டம் ஏறியது. சபூறாவும் அயலாரும் மண்வெட்டியால் வாரித்தான் அவளை வெளியே எடுத்தார்கள். இருமி மண்ணைத் துப்பிவிட்டு, இனி ஒரு சொல்லை விழுங்கினாலும் மண்ணுக்குள்ளேயே மௌத்துத்தான் என்று அவள் விளங்கிக்கொண்டாள்.

மெசினின் அறிமுக விழாவுக்குச் சபூறாவையும் கூட்டிக்கொண்டு போனாள். மாலையோடு இருந்த இன்பாஸ் அவளைக் கண்டதும் எழும்பினான். விழா மண்டபத்து முகட்டிலிருந்தும் மண் இறங்கத் தொடங்கியது. அவள் வாயைத் திறந்தாள்.

"இது என்ட மெசின். பெட்டரிய ஏன் பின்னுக்கு வெச்ச எண்டு இவருக்கிட்டக் கேளுங்க, சொல்லட்டும் பாப்பம். பூங்கரமாம்! இந்தா, சபூறா ராத்தாட கையப் பாருங்க. ஊருலகத்து ஊடெல்லாம் தொடச்சிக் கோணின கை. இந்தக் கைக்குத்தான் நான் செஞ்ச. அரவாசி ஊடு கூட்டுறதுக்குள்ள செத்துப்போற சாமானுக்குச் சாயம் பூசி, என்ட புரிசன்ட படத்த ஒட்டி வெச்சிரிக்கிங்களே, வெக்கமில்லயா?"

தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்த மண் அந்தரத்தில் நின்றது. பிறகு வந்த வழியே மேலே ஏறிப் போனது.

"ஊட்ட போய்க் கதைப்பம் முஸ்பிறா," என்றான் இன்பாஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எந்த ஊட்ட? அது என்ட வாப்பா எனக்குக் கட்டித் தந்த ஊடு. நீங்க கடைக்குப் போங்க."

அந்தக் கிழக்குக் கரையின் வழக்கில் வீடு பெண்ணுக்குரியது. இன்பாஸ் பேக்கைத் தூக்கிக்கொண்டு கடையின் மேல்மாடிக்குப் போனான். பள்ளிவாசல் பெரியவர்கள் சமாதானம் பேச வந்தபோது முஸ்பிறா ஒவ்வொரு கேள்விக்கும் முழுப் பதில் சொன்னாள். மனம் ஆறாமலே தன் மண்டபத்தில் மெசின் செய்கிறாள், கறுப்பு நிறத்தில். சபூறா பிடித்துப் பார்த்துச் சரியென்று சொல்லாத ஒன்றும் வெளியே போவதில்லை. அந்த வீட்டில் இப்போது தேத்தண்ணிக்கு மூடி இல்லை.

கல்முனையில், மெசின் அவளுடையது என்ற சொல்லை இன்பாஸ் விழுங்கிக்கொண்டிருக்கும் கடையின் மேல்மாடியில் மண் பெய்கிறது. அவன் தன் படம் ஒட்டிய றோஸ் மெசினால் கூட்டுகிறான். பாதி அறையில் அது நின்றுவிடுகிறது. சார்ஜ் ஏறும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருக்கிறான். கீழே யாராவது கூப்பிட்டால் தலையிலுள்ள மண்ணைத் தட்டிக்கொண்டு இறங்கி வருகிறான். வந்தவர்கள் பல்பை வாங்கி, அதிலுள்ள மண்ணை ஊதிவிட்டு, எரிகிறதா என்று போட்டுப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.